காட்டாத அட்டை: 1961 அக்டோபரில் பெர்லினில் டாங்கிகள் முறைத்துக்கொண்ட கதை

1961 அக்டோபர் 22, ஞாயிற்றுக்கிழமை மாலை. மேற்கு பெர்லினில் அமெரிக்க அரசின் மூத்த தூதரக அதிகாரியாக இருந்த ஆலன் லைட்னர், மனைவி டோரதியைக் கூட்டிக்கொண்டு கிழக்கு பெர்லினில் ஒரு கலைநிகழ்ச்சி பார்க்கக் கிளம்பினார். வண்டி ஃபோக்ஸ்வாகன். ஃபிரீட்ரிஷ் தெருவில் இருந்த சோதனைச் சாவடியில் கிழக்கு ஜெர்மனியின் எல்லைக் காவலர்கள் மறித்து அடையாள அட்டை கேட்டார்கள். லைட்னர் காட்ட மறுத்தார். வண்டியின் நம்பர் பிளேட்டே அமெரிக்கப் படையினுடையது, அது போதாதா என்பது அவர் வாதம். ரஷ்ய அதிகாரி வந்தால் பேசலாம், உங்களோடு பேச எனக்கு ஒன்றுமில்லை என்று காருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

அட்டை சட்டைப்பையில்தான் இருந்திருக்கும். எடுத்துக் காட்டினால் அரை நிமிட வேலை.

ரஷ்ய அதிகாரி வருகிற வழியாக இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மேற்குப் பக்கத்திலிருந்து அமெரிக்க ராணுவப் போலீஸ் துப்பாக்கி முனையில் கத்தி செருகிக்கொண்டு வந்தது. டோரதியைக் காரிலிருந்து இறக்கினார்கள். இரண்டு பக்கமும் வீரர்கள் நடந்து வர, கார் சாவடியைத் தாண்டி ஊர்ந்து போனது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார் லைட்னர். அதோடு விடவில்லை, இன்னொரு தடவையும் போய்க் காட்டினார். நிகழ்ச்சி அதற்குள் யாருக்கு ஞாபகம் இருந்திருக்கும்?

ஐந்து நாள் கழித்து அதே தெருவில் அமெரிக்க டாங்கிகளும் சோவியத் டாங்கிகளும் குண்டு நிரப்பிக்கொண்டு எதிரெதிரே நின்றன. பனிப்போரின் நாற்பது சொச்ச ஆண்டுகளில் இந்த இரண்டு வல்லரசுகளின் டாங்கிகள் இப்படி நேருக்கு நேர் முகம் பார்த்து நின்றது அங்கேதான். பெரும்பாலும் இதை அமெரிக்க அதிபர் கென்னடிக்கும் சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கும் நடந்த பலப்பரீட்சை என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பெரியவர்களும் ஒதுங்கிப் போகத்தான் பார்த்தார்கள். இழுத்துக்கொண்டு வந்து தெருவில் நிறுத்தியது அவரவர் பக்கத்து ஆட்கள்தான்.

அட்டையைக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

இதைப் புரிந்துகொள்ள 1945-க்குப் போக வேண்டும். தோற்ற ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் பிரித்துக்கொண்டன. சோவியத் பகுதிக்கு நடுவே தீவு மாதிரி கிடந்த பெர்லினையும் நான்காகப் பிரித்தார்கள். ஆனால் நகரம் முழுவதும் நான்கு பேருக்கும் பொது, யாருடைய படையும் எந்தப் பகுதிக்கும் போகலாம் என்பது ஏற்பாடு. 1949-ல் மேற்கு ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனி என்று இரண்டு நாடுகள் வந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோ. 1955 மே மாதம் மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்தது, சேர்ந்த சில நாட்களிலேயே, 14-ஆம் தேதி, சோவியத் பக்கத்து நாடுகளின் ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தம் கையெழுத்தானது. உலகம் இரண்டு கூடாரமாகிவிட்டது. பெர்லின் மட்டும் 1945-ன் பழைய காகிதத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவைப் பொறுத்தவரை கிழக்கு ஜெர்மனி என்றொரு நாடே கிடையாது. கிழக்கு பெர்லின் ரஷ்யர்களின் பொறுப்பு, அவ்வளவுதான். அந்த நாட்டுக் காவலரிடம் ஓர் அமெரிக்க அதிகாரி அட்டையை நீட்டினால், இங்கே உனக்கு அதிகாரம் உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இன்றைக்கு அட்டை, நாளைக்கு அனுமதிச் சீட்டு, அப்புறம் மேற்கு பெர்லினுக்கு வருகிற நெடுஞ்சாலையே அவர்கள் கையில் என்று கணக்குப் போட்டார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு சங்கடம் இருந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகள் அதே சாவடியில் அதே காவலர்களிடம் அட்டையைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். லண்டனுக்கு இது உயிர்போகிற விஷயமாகத் தெரியவில்லை. ஒரே கூட்டணி, ஒரே சாவடி, ஒருவர் காட்டுகிறார், இன்னொருவர் காட்டினால் மானம் போகும் என்கிறார்.

எதிர்ப்பக்கமும் ஒன்றும் ஒழுங்காக இல்லை. 1949-க்கும் 1961-க்கும் இடையில் கிழக்கு ஜெர்மனியிலிருந்து சுமார் 27 லட்சம் பேர் மேற்கே போய்விட்டார்கள். டாக்டர், பொறியாளர், இளைஞர்கள் என்று போனவர்களில் பெரும்பகுதிக்கு வழி பெர்லின்தான், ரயிலேறினால் அக்கரை. அந்த நாட்டின் தலைவர் வால்டர் உல்ப்ரிஷ்ட் மாஸ்கோவை நச்சரித்துக்கொண்டே இருந்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில் வார்சா ஒப்பந்த நாடுகளின் தலைவர்கள் மாஸ்கோவில் கூடினார்கள். ஆகஸ்ட் 13 விடியுமுன் எல்லையில் முள்வேலி விழுந்தது. பிறகு அது சுவரானது.

சுவர் எழுந்ததில் கென்னடிக்கு உள்ளூர நிம்மதிதான். போரைவிடச் சுவர் எவ்வளவோ மேல் என்று நெருக்கமானவர்களிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. குருஷ்சேவுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. ஜூனில் வியன்னாவில் கென்னடியைச் சந்தித்தபோது, ஆண்டு முடிவதற்குள் கிழக்கு ஜெர்மனியோடு தனியாக அமைதி ஒப்பந்தம் போட்டுவிடுவேன் என்று கெடு வைத்திருந்தார். அக்டோபர் 17-ல் மாஸ்கோவில் தொடங்கிய சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் 22-ஆவது மாநாட்டில் அந்தக் கெடுவை அவரே தளர்த்தினார். பிரச்சினை அங்கேயே அடங்கியிருக்க வேண்டும்.

அடங்காததற்குக் காரணம் உல்ப்ரிஷ்ட். ஒப்பந்தம் தள்ளிப் போனதில் அவருக்குக் கடுப்பு. பெரியவர் செய்து தராததைச் சாவடியில் தானே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொள்ளப் பார்த்தார். லைட்னர் விவகாரத்துக்கு மறுநாளே, சீருடையில் இருக்கும் மேற்கத்தியப் படையினர் தவிர மற்ற எல்லா வெளிநாட்டவரும் அட்டை காட்ட வேண்டும் என்று கிழக்கு ஜெர்மனி அறிவித்தது. மாஸ்கோ இந்த அவசரத்தை ரசிக்கவில்லை. ஆனால் தன் ஆளை ஊரறிய விட்டுக்கொடுக்கவும் முடியாது. குட்டி நாய் குலைத்துப் பட்டி நாய் தலையில் வைத்தது என்பார்களே, அதுதான்.

தளபதி இல்லாத தளபதி

மேற்குப் பக்கத்தில் இதே வேலையைச் செய்தவர் சின்ன ஆளில்லை. லூசியஸ் க்ளே, ஓய்வுபெற்ற ஜெனரல். 1948-ல் ஸ்டாலின் மேற்கு பெர்லினுக்கு வழிகளை அடைத்தபோது விமானத்தில் நிலக்கரியும் மாவும் கொண்டுவந்து இறக்கியவர் என்று நகரமே அவரைக் கும்பிட்டது. சுவர் எழுந்த பிறகு மனம் உடைந்து கிடந்த பெர்லின்காரர்களுக்குத் தெம்பு கொடுக்கக் கென்னடி அவரைத் தன் சொந்தப் பிரதிநிதியாக அனுப்பிவைத்தார். செப்டம்பரில் வந்து சேர்ந்தார்.

பதவி பெரிது, கையில் அதிகாரம் என்னவென்று பார்த்தால் குழப்பம். நகரின் அமெரிக்கப் படைக்குத் தலைவர் ஜெனரல் வாட்ஸன். அவருக்கு மேலே ஹைடல்பர்க்கில் ஐரோப்பிய அமெரிக்கத் தரைப்படையின் தலைவர் புரூஸ் கிளார்க். அவருக்கும் மேலே நேட்டோ தளபதி நார்ஸ்டாட். இந்த வரிசையில் க்ளே எங்கேயும் இல்லை. ஆனால் அவர் மேசையிலிருந்து வெள்ளை மாளிகைக்கு நேராகப் போன் போகும். அப்படிப்பட்டவர் ஒன்று சொன்னால் வாட்ஸன் எப்படி மாட்டேன் என்பார்?

க்ளேயின் எண்ணத்தில் ஒரு தெளிவு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ரஷ்யர்கள் கிழக்கு ஜெர்மன் காவலரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள், அவர்களை வெளியே இழுத்துவந்து நிறுத்திவிட்டால் கிழக்கு பெர்லின் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது உலகத்துக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தார். அதற்காக 25, 26, 27 தேதிகளில் சாதாரண உடையில் அமெரிக்கர்களைக் காரில் அனுப்புவது, மறித்தால் ஜீப்பில் வீரர்களைத் துணைக்கு அனுப்பி உள்ளே கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வருவது என்று ஒரு பழக்கமாக்கினார். பின்னால் எம்48 பேட்டன் டாங்கிகள் வந்து நின்றன. (1965-ல் கேம்கரண் பக்கம் பாகிஸ்தான் கொண்டுவந்து இழந்ததாக நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பேட்டன் இந்த வம்சம்தான். அவையும் அமெரிக்கக் கூட்டணியில் சேர்ந்ததற்குக் கிடைத்தவை.)

காட்டுக்குள் ஒரு சுவர்

இந்த நிகழ்வில் மற்ற எதையும்விட முக்கியமாக எனக்குப் படுவது இனி சொல்லப்போவதுதான். பல வரலாறுகளில் இது ஓரத்தில் ஒரு வரியாகப் போய்விடுகிறது.

மேற்கு பெர்லினில் காடுகள் உண்டு. அங்கே ஒரு மறைவான இடத்தில், பெர்லின் சுவரின் ஒரு பகுதியைப் போலவே ஒரு மாதிரிச் சுவரைக் கட்டச் சொன்னார் க்ளே. டாங்கியின் முன்னால் புல்டோசர் தகடு மாட்டி மோதினால் சுவர் எப்படி விழுகிறது என்று ராணுவப் பொறியாளர்கள் ஒத்திகை பார்த்தார்கள். விஷயம் ஹைடல்பர்க்கில் இருந்த ஜெனரல் கிளார்க் காதுக்குப் போனது. அவர் கோபப்பட்டு, உடனே நிறுத்து, அதை இடித்துத் தள்ளு என்று உத்தரவு போட்டார். காரியம் அதோடு முடிந்தது. வாஷிங்டனுக்கு யாரும் சொல்லவில்லை. கென்னடிக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

குருஷ்சேவுக்குத் தெரியும். சோவியத் உளவாளிகள் அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள்.

இப்போது மாஸ்கோவில் உட்கார்ந்து பாருங்கள். மேசையில் ஒரு படம், அமெரிக்க டாங்கிகள் சுவரை இடித்துப் பழகுகின்றன. 21-ஆம் தேதி அமெரிக்கப் பாதுகாப்புத் துணை அமைச்சர் கில்பாட்ரிக் மேடையேறி, அணு ஆயுதத்தில் நாங்கள்தான் வெகுதூரம் முன்னால் இருக்கிறோம் என்று போட்டு உடைத்துவிட்டார். அதுவரை குருஷ்சேவ் ஊதிவைத்திருந்த ஏவுகணைப் பெருமை போயிற்று. அடுத்த நாள் கத்தி செருகிய துப்பாக்கியோடு வீரர்கள் சாவடியைத் தாண்டுகிறார்கள். 25-ஆம் தேதி டாங்கிகள் வருகின்றன, அதில் சிலவற்றின் முன்னால் அதே புல்டோசர் தகடு. இதையெல்லாம் வரிசையாக அடுக்கினால் என்ன தோன்றும்? சுவரை இடிக்க வருகிறார்கள் என்றுதான்.

வாஷிங்டனிலோ கதை நேர்மாறு. வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க், கிழக்கு பெர்லினுக்குள் போவது என்பது பலத்தைப் பயன்படுத்திக் காப்பாற்ற வேண்டிய அளவுக்கு நமக்கு உயிரான விஷயமில்லை என்று க்ளேவுக்கு எழுதிக்கொண்டிருந்தார். இடிப்பது இருக்கட்டும், உள்ளே போவதே வேண்டாம் என்கிற மனநிலை. அமெரிக்க அரசுக்கு இல்லாத திட்டம் ஒன்றைப் பார்த்து சோவியத் அரசு தயாராகிக்கொண்டிருந்தது. உளவுத் தகவலில் தவறில்லை, படம் உண்மையான படம்தான். ஒரு ஜெனரலின் ஒத்திகையை ஒரு நாட்டின் முடிவாக எடுத்துக்கொண்டதுதான் பிசகு. தன் நாட்டில் மேலிடத்துக்குத் தெரியாமல் ஒரு செங்கல்கூட அசையாது என்று பழகியவர்களுக்கு அது இயல்பும்கூட.

27-ஆம் தேதி மாலை

சோவியத் படையின் 33 டாங்கிகள் கிழக்கு பெர்லினுக்குள் வந்து ஓரிடத்தில் நின்றிருந்தன. அடையாள எண்களை மறைத்துவிட்டிருந்தார்கள். ரஷ்யர்களா, கிழக்கு ஜெர்மானியர்களா என்று வெளியிலிருந்து பார்த்தால் சொல்ல முடியாது. க்ளேவுக்கோ அது ஒன்றுதான் தெரிய வேண்டும். சீருடையில் போகும் அமெரிக்கர்களை மறிக்கக்கூடாது என்ற விதி இருந்ததால் இரண்டு பேர் காரில் அந்தப் பக்கம் போனார்கள். டாங்கிகள் நின்ற இடத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. ஒருவர் துணிந்து ஒரு டாங்கிக்குள்ளேயே இறங்கிப் பார்த்தார். கருவிகளின் மேல் ரஷ்ய எழுத்து. சோவியத் ராணுவத்தின் செய்தித்தாள் ஒன்றும் உள்ளே கிடந்தது. வல்லரசுகளின் மோதலில் மிகப் பெரிய கேள்விக்கு விடை, யாரோ ஒரு டாங்கி ஓட்டுநர் படித்துவிட்டுப் போட்ட பேப்பரில் கிடைத்தது.

அன்று மாலை கடைசி காரையும் அனுப்பித் திருப்பி எடுத்துக்கொண்ட பிறகு அமெரிக்க டாங்கிகள் முகாமுக்குக் கிளம்பிவிட்டன. அவை போய்க்கொண்டிருக்கும்போதே சோவியத் டாங்கிகளில் 10 உறுமிக்கொண்டு ஃபிரீட்ரிஷ் தெருவுக்கு வந்து நின்றன. தகவல் தெரிந்ததும் அமெரிக்க டாங்கிகள் பாதி வழியிலேயே திரும்பி ஓடிவந்தன. ஐந்து மணி வாக்கில் பத்துக்குப் பத்து. நடுவே நூறு மீட்டர் இருக்கலாம். வெள்ளைக் கோடு ஒன்று, சாவடியின் சின்ன மரக்கொட்டகை, போட்டோகிராபர்கள், வேடிக்கை பார்க்கக் கூடிய மேற்கு பெர்லின்காரர்கள்.

அந்தச் சாவடிக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் சார்லி. ராணுவ வானொலியில் ஏ-வுக்கு ஆல்ஃபா, பி-க்கு பிராவோ, சி-க்கு சார்லி. ஹெல்ம்ஷ்டெட் ஆல்ஃபா, ட்ரைலிண்டன் பிராவோ, இது மூன்றாவது. கணக்குப்பிள்ளை வைத்த பெயர், சரித்திரத்தில் ஏறிவிட்டது.

இரு தரப்புக்கும் சுட்டால் திருப்பிச் சுடு என்பதே உத்தரவு. மேற்கு பெர்லினில் மூன்று மேற்கு நாடுகளுக்கும் சேர்த்துச் சுமார் 11,000 வீரர்கள்தான். சுற்றிலும் கிழக்கு ஜெர்மனியில் சுமார் 20 சோவியத் டிவிஷன்கள், அதாவது பெரிய படைப்பிரிவுகள். நகரத்தைச் சண்டை போட்டுக் காப்பாற்ற முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் அந்த 11,000 பேர் எதற்கு? அவர்கள்மேல் கை வைத்தால் கூட்டணி முழுவதும் எழுந்துவரும் என்பதற்காக. நேட்டோ ஒப்பந்தத்தின் 6-ஆவது பிரிவைப் படித்தால், உறுப்பு நாடுகளின் நிலப்பரப்பு மட்டுமல்ல, ஐரோப்பாவில் அவற்றின் ஆக்கிரமிப்புப் படை நிற்கும் இடமும் அதில் அடக்கம். மேற்கு பெர்லின் நேட்டோ நாடில்லை, சட்டப்படி மேற்கு ஜெர்மனியின் பகுதியும் இல்லை. இருந்தாலும் ஃபிரீட்ரிஷ் தெருவில் ஒரு பேட்டன்மேல் குண்டு விழுந்தால் பாரிஸிலும் ஆஸ்லோவிலும் அங்காராவிலும் அது தாக்குதல்தான். அட்டை கேட்ட காவலருக்கும் அணுகுண்டுக்கும் நடுவே இருந்த படிகள் அவ்வளவு குறைவு. அன்றிரவு நேட்டோவிலும் அமெரிக்காவின் அணுகுண்டு விமானப் படையிலும் உஷார் நிலையை ஏற்றினார்கள்.

உலகம் அழிய இன்னும் சில நிமிடங்கள் என்கிற ரீதியில் இந்த இரவைச் சொல்பவர்கள் உண்டு. அது கொஞ்சம் அதிகம். இரண்டு தலைநகரிலும் போர் வேண்டும் என்று நினைத்தவர் இல்லை, தெருவில் இருந்த அதிகாரிகளும் நிதானம் இழக்கவில்லை. எனக்குப் பயமாக இருப்பது வேறு. குளிரில் இரவு முழுவதும் இரும்புக்குள் உட்கார்ந்திருந்த இருபது வயதுப் பையன்களில் ஒருவன் கை தவறி எதையாவது அழுத்தியிருந்தால், மேலே இருந்த யாருடைய நல்லெண்ணமும் அதைத் தடுத்திருக்காது.

க்ளேவுக்கு அன்றிரவு திருப்தி. ரஷ்ய டாங்கி வந்த நொடியிலேயே தான் ஜெயித்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். பத்திரிகையாளர்களிடமும் சொன்னார், கிழக்கு ஜெர்மானியர்கள்தான் பொறுப்பு என்ற கட்டுக்கதை உடைந்துவிட்டது என்று. கென்னடி போனில் கூப்பிட்டு, நிதானமாக இருங்கள் என்கிற தொனியில் பேச, எங்கள் நரம்பைப் பற்றிக் கவலையில்லை, வாஷிங்டனில் இருக்கும் உங்கள் ஆட்களின் நரம்பைப் பற்றித்தான் கவலை என்று பதில் சொன்னவர் அவர்.

ஐந்து மீட்டர்

விடுவித்த வழி வெளியே தெரியாத வழி. அமெரிக்க அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி, வாஷிங்டனில் பத்திரிகையாளர் வேடத்தில் இருந்த சோவியத் ராணுவ உளவு அதிகாரி கியோர்கி போல்ஷாகோவைச் சில மாதங்களாகச் சந்தித்துவந்தார். டாங்கிகளை எடுத்துவிடுங்கள், நாங்களும் எடுக்கிறோம் என்ற சேதி அந்த வழியாகப் போனதாக ராபர்ட் பின்னாளில் சொன்னார். குறிப்பு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. குருஷ்சேவ் தன் நினைவுக் குறிப்புகளில் போல்ஷாகோவ் பேச்சையே எடுக்கவில்லை. அவர் கதைப்படி, பெர்லின் பொறுப்பைக் கொடுத்திருந்த மார்ஷல் கோனேவிடம் தானே சொன்னது அது. அமெரிக்கர்கள் வந்துவிட்டார்கள், இப்போது கௌரவமாகத் திரும்ப வழி தெரியாமல் நிற்கிறார்கள், நாம் வண்டியைப் பக்கத்துத் தெருவுக்குத் தள்ளினால் இருபது நிமிடத்தில் அவர்களும் போய்விடுவார்கள் என்றாராம்.

இரண்டு கதைகளும் ஒன்றையொன்று மறுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தானாக முடிவெடுத்ததாகச் சொல்வதில் குருஷ்சேவுக்குப் பெருமை, தூது போனதாகச் சொல்வதில் ராபர்ட்டுக்குப் பெருமை. கவனிக்க வேண்டியது, இந்த வழியில் லண்டனும் இல்லை, பாரிஸும் இல்லை, உல்ப்ரிஷ்ட்டும் இல்லை. க்ளேகூட இல்லை. கூட்டணி என்று சொல்லி மாட்டிக்கொண்டதிலிருந்து கூட்டணியிடம் சொல்லாமல்தான் வெளியே வர முடிந்தது.

28-ஆம் தேதி காலை பத்தரை மணி வாக்கில் ஒரு சோவியத் டாங்கி எஞ்சினைக் கிளப்பியது. ஐந்து மீட்டர் பின்னால் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் எதிரே ஒரு பேட்டன் அதே அளவு பின்னால் போனது. இப்படி ஒன்றுக்கு ஒன்றாக நகர்ந்து தெரு காலியானது. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 30-ல், ஆர்க்டிக்கில் நோவாயா ஸெம்ல்யா தீவின்மேல் சோவியத் யூனியன் 50 மெகாடன் (ஐந்து கோடி டன் வெடிமருந்துக்குச் சமம்) அணுகுண்டை வெடித்தது. இன்றுவரை அதைவிடப் பெரிய குண்டை யாரும் வெடித்ததில்லை. கில்பாட்ரிக்குக்கு அது பதில் என்று சிலர் சொல்வதுண்டு, ஆனால் மாநாட்டின் முதல் நாளிலேயே குருஷ்சேவ் அதை அறிவித்திருந்தார்.

க்ளே 1962 மே மாதம் ஊருக்குத் திரும்பினார். அவர் பக்கம் பேசுபவர்கள், ரஷ்யர்களை வெளியே கொண்டுவந்தாரே என்பார்கள். அது உண்மைதான், அதோடு சுவரையும் சேர்த்து உறுதி செய்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கர்கள் கோடுவரை வருவார்கள், கோட்டைத் தாண்டி எதையும் இடிக்க மாட்டார்கள் என்று மாஸ்கோவுக்கு அந்த இரவில் தெளிவாகிவிட்டது. 1962 ஆகஸ்ட் 17-ல் அதே சாவடிக்குப் பக்கத்தில், சுவரேறித் தப்ப முயன்ற பதினெட்டு வயது பீட்டர் ஃபெக்டர் சுடப்பட்டு, சுவரடியில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கத்திக் கத்தி ரத்தம் வடிந்து செத்தபோது, அமெரிக்க வீரர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றார்கள்.

லைட்னர் கிளப்பிய கேள்வி என்னவானது? சீருடை போட்ட அமெரிக்கர்களைக் கிழக்கு ஜெர்மன் காவலர்கள் முன்பும் மறிக்கவில்லை, பின்பும் மறிக்கவில்லை. பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்கள் பாட்டுக்கு அட்டையைக் காட்டிக்கொண்டு போனார்கள். கோட்டு சூட்டு போட்ட அமெரிக்க அதிகாரி காட்ட வேண்டுமா வேண்டாமா என்பதற்குச் சாவடியில் தீர்ப்பு வரவே இல்லை. ராணுவத் துணையோடு அவர்களை அனுப்பிப் பார்க்கும் வேலையை நிறுத்திக்கொள்ளச் சொல்லி வாஷிங்டனிலிருந்து க்ளேவுக்கு உத்தரவு வந்துவிட்டது.